இறால் பண்ணையில் ஒரு செத்தவீடு

தலவில் கோயில் புனித அன்னம்மாவின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா, நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இந்தத் தேத்தண்ணியில் சீனி போதாது என்பதும் சத்தியம்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கில்பட். முந்தலில் ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறவன். கோயில் திருநாள், கலியாணம், செத்தவீடு, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் என் சாமான்தான் போகும். சத்தத்தை விற்றுப் பிழைக்கிறவனுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். பெரிய வெள்ளியன்று என் வீட்டிலிருந்து ஒரு வயர்கூட வெளியே போனதில்லை. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாள் என்று நம் கரையில் அன்றைக்கு ஆணிகூட அடிக்கமாட்டார்கள், நான் எப்படிப் பாட்டுப் போடுவேன்? ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர் காரோடு வந்து கெஞ்சினார், போகவில்லை. மற்ற நாட்களில் போவேன். கூட்டம் முடிந்ததும் மைக்கில் காய்ந்திருக்கிற எச்சிலைத் துடைப்பது என் வேலை. அது நாறுகிற நாற்றத்தில்தான் மனிதர்களின் வாய் என்றாலே எனக்கு அருவருப்பு வந்தது.

டெனிஷா வத்தளைப் பிள்ளை. தலைமயிர் பாதி பச்சை, பாதி கறுப்பு. கொழும்பில் இரகசியமாக டான்ஸ் நடத்துவதுதான் அவள் தொழில். ஹோட்டலில் நடக்கிற டான்ஸ் அவளுடைய ஆட்களுக்கு ஆகாது. மூடிய மில், இடிந்த ஸ்டோர், கரப்பான் ஓடுகிற இடமாக இருக்க வேண்டும். எங்கே என்பது கடைசி நேரம்வரை யாருக்கும் தெரியக்கூடாது. அப்படியான இடங்களை அயல்வீட்டாரும் உங்கள் ஆட்களும் சேர்ந்து மூடிவிட்டதால், அவள் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே வந்தாள். முந்தல் உப்புநீர்க் களப்போரம், ஊருக்குச் சத்தம் எட்டாத தூரத்தில், நோய் விழுந்து கைவிட்டுப் போன இறால் பண்ணை ஒன்றைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அங்கிள், இந்த மணத்தப் பாருங்களேன். இதக் காசு குடுத்தும் வாங்கேலாது."

நானும் பார்த்தேன். வற்றிய தொட்டிகளின் அடியில் கறுத்த சேறு. மிதித்தால் செத்த நாய் ஏப்பம் விட்டதுபோல ஒரு குமிழி வந்து வெடிக்கும். அதில் இறங்கி ஆடத்தான் கொழும்பிலிருந்து பணக்காரப் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஜெனரேட்டர் தருகிறேன் என்றேன்.

இரகசிய டான்ஸை விளம்பரப்படுத்துவதில் உள்ள கஷ்டம் உங்களுக்கு விளங்காது ஐயா, ஏனென்றால் அந்தக் கஷ்டமே நீங்கள்தான். முதல் தடவை அவள் போனில் இடத்தைப் போட்டாள். ஆடுகிறவர்களுக்கு முன்னால் உங்கள் ஜீப் வந்து நின்றது. இரண்டாம் தடவை யாருக்கும் சொல்லவில்லை. அவளுடைய மச்சானும் ஒன்பது எருமைகளும் வந்தார்கள். மச்சான் இடையில் போய்விட்டான். எருமைகள் கடைசிவரை நின்றன. அவற்றில் ஒன்றுக்குத் தாளம் இருந்தது.

"சொல்லவும் வேணும், சொல்லாமலும் இருக்க வேணும் அங்கிள். அதுக்கு ஒரு வழி இருந்தாச் சொல்லுங்க," என்று அழுதாள்.

வழி றோட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஆள் செத்தால் சந்தியிலிருந்து வாசல்வரை வெள்ளைக் கொடி கட்டுகிறோம். சுவரில் படம் ஒட்டுகிறோம். முன்பின் தெரியாத வாகனம் எத்தனை வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விடிய விடிய வெளிச்சம் எரியலாம், சனம் நிற்கலாம், காட்ஸ் சீட்டு விளையாடலாம். பொலிஸ் வந்தால் தொப்பியைக் கழற்றும். கொடி போகிற வழியே வா, வெள்ளை உடுத்துக்கொண்டு வா என்று டெனிஷா தன் ஆட்களுக்குச் சொன்னால் போதும்.

பக்கத்து ஊர் மதுரங்குளியிலும் ஒன்று வைக்கலாமா என்று நம் முச்சக்கர வண்டிக்காரன் ஃபஸ்லானிடம் கேட்டேன்.

"உங்களுக்குப் பைத்தியமா அங்கிள்? எங்கட ஆக்கள் மையத்த அண்டைக்கே அடக்கிருவாங்க. ரா முழுக்க லைட்டப் போட்டு வெச்சா ஊரே வந்து, எந்த மையத்து இன்னும் அடங்காம ஈக்கிதுன்னு கேக்கும்."

சரியென்று முந்தலோடு நிறுத்திக்கொண்டோம்.

படத்துக்கு ஒரு முகம் வேண்டும். நிக்கொலஸைப் பிடித்தேன். சின்ன வயசிலிருந்து என்னோடு திரிந்தவன். பெண்டாட்டி பிள்ளை இல்லை, தோணியும் இல்லை, கொஞ்சக் காலம் தெற்கே வேலைக்குப் போய்த் திரும்பியதால் ஊரில் பலர் அவனை மறந்தே போயிருந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே செத்த முகம். ஒவ்வொரு முறையும் பெயரை மாற்றி, மீசை வைத்து, மீசை எடுத்து, கண்ணாடி மாட்டி ஒட்டினோம். ஒரு வருசத்துக்குள் ஒரே பண்ணையில் இத்தனை பேர் செத்தும் ஊரில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. இறாலுக்கு வந்த நோய் ஆட்களுக்கும் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பிழை ஒன்று விட்டேன். செத்தவீடு என்றால் செபமாலை சொல்ல வருவார்கள் என்பது மறந்துபோயிற்று. சொல்லி அழைக்கத் தேவையில்லை. அக்னஸ் என்று ஒரு மனுசி, தன் கூட்டத்தோடு எந்த வீட்டுக்கும் போவாள். கொடியைக் கண்டதும் வந்துவிட்டாள்.

"ஆரு பெத்த பிள்ளையோ, முகத்தையாச்சும் ஒருக்காக் காட்டுங்களேன்."

அப்படித்தான் பெட்டி வாங்க வேண்டி வந்தது. மாலையில் பண்ணைக் கட்டடத்தின் முன்மண்டபத்தில் நிக்கொலஸ் பெட்டிக்குள் படுப்பான். அக்னஸின் கூட்டம் செபமாலை முடித்துப் போனதும் எழும்பி, சாராயம் குடித்துவிட்டு, பின்னால் தொட்டிக்குள் இறங்கி நகரத்துப் பிள்ளைகளோடு ஆடுவான். நல்லாக ஆடினான். ஒருநாள் அக்னஸ் குனிந்து நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சும்போது தும்மிவிட்டான். செத்தவர்களுக்கும் காற்றுப் பிரியும் என்று விளங்கப்படுத்தினேன். "ஆண்டவர் காப்பாத்தட்டும்," என்று அவள் அவனுக்கே சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு பெட்டியை மூடினோம். கடலில் பல நாள் கிடந்த பிரேதம், திறக்க முடியாது என்று சொன்னோம். யாரும் நம்பாமல் போகக்கூடாது என்பதற்காகப் பெட்டிக்குக் கீழே ஒரு வாளி அழுகிய இறால் தலை வைத்தேன். தலைமாட்டுப் பக்கம் மூச்சுவிட நான்கு துளை போட்டுக் கொடுத்தது நான்தான், அதைக் கவனியுங்கள். வாளிக்குள் புழு நெளிகிற சத்தம் தனக்குள்ளே கேட்கிறது என்று நிக்கொலஸ் சொன்னான். மூக்கைப் பொத்து என்றேன். பிணம் மூக்கைப் பொத்தலாமா என்று கேட்டான். மூடின பெட்டிக்குள் என்னவும் செய்யலாம் என்றேன்.

அந்த நாற்றத்திலும் ஓர் அரசியல்வாதி வந்து, காலஞ்சென்றவர் தன் பள்ளித்தோழன் என்று அழுதார். மூக்குச்சளி மைக்கில் வழிந்தது. ஐயா, நீங்களும் ஒருமுறை வந்து வாகனங்களை ஒழுங்குபடுத்திவிட்டுப் போனீர்கள். நன்றி சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நகரத்துப் பிள்ளைகளைப் பற்றி நான் நல்லதாக ஒன்றும் சொல்லமாட்டேன். சேற்றை அள்ளி ஒருவர் முகத்தில் ஒருவர் பூசினார்கள். நீல நிறத்தில் குடித்து, நீல நிறத்தில் வாந்தி எடுத்தார்கள். காலையில் அதையெல்லாம் கழுவுகிறவன் நான். மனிதர்களுக்குள் இவ்வளவு ஈரம் இருப்பது எதற்கென்று யோசிப்பேன். எதுவுமே ஒழுகாத ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்த நிக்கொலஸ்தான். அதனால்தான் அவன் மேல் எனக்குப் பிரியம்.

அவனைக் கெடுத்தது செபமாலை. மாதம் தவறாமல் தன் ஆத்துமாவுக்காக ஒரு கூட்டம் மன்றாடுவதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு மனம் இளகிவிட்டது. ஒருநாள் சாராயத்தைத் தள்ளி வைத்தான்.

"மச்சான், நான் உயிரோட இருக்கக்குள்ள எனக்காக ஒருத்தரும் ஒரு செபம் சொல்லல்ல. செத்ததுக்குப் பிறகு பாத்தியா, எவ்வளவு சனம்."

"நீ இன்னும் சாகல்லடா மடையா."

"அதத்தான் சுவாமியிட்டச் சொல்லப்போறன். ஞாயிறு பூசைக்கு முதல் பாவசங்கீர்த்தனம் செய்யோணும். பிறகு அக்னஸ் அக்காட்டப் போய் மன்னிப்புக் கேக்கோணும். என்ட நெத்தியக் கொஞ்சினவடா அவ."

"என்ட பேரையும் சொல்லுவியா?"

"உன்ட பேர விட்டுட்டு எப்பிடி மச்சான் சொல்ற? பெட்டி வாங்கினதே நீதானே."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றிச் சுவாமியார் வாயைத் திறக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். அக்னஸ் அப்படியில்லை. அவளிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் சிலாபத்திலிருந்து கல்பிட்டிவரை தெரிந்துவிடும். என் ஒலிபெருக்கிக்கு அவ்வளவு தூரம் போகாது. பொய்ச் செத்தவீடு வைத்தவன் என்று தெரிந்தால் எந்தக் கோயிலில் எனக்கு இனி மைக் கட்ட விடுவார்கள்? உங்கள் மறியலறையைவிட அதுதான் எனக்குப் பெரிது.

ஆகவே அவனைக் கூப்பிட்டேன். புதுப் பெட்டி வந்திருக்கிறது, உன் அளவுக்குச் சரியா என்று ஒருமுறை படுத்துப் பார் என்றேன். பகல் முழுதும் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தான், தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. அதனால் இலேசாக ஏறிப் படுத்தான்.

"நல்ல பெட்டி மச்சான். இதுதான் கடைசி, சரியா?"

ஓம் என்றேன். மூடினேன். பழைய பெட்டியின் மூடி ஆடிக்கொண்டிருந்ததால் இதற்கு நாலு ஆணி அடித்தேன். ஆணி அடிக்காத பெட்டியை யார் நம்புவார்கள்? இதிலும் தலைமாட்டில் நாலு துளை போட்டிருந்தேன். அங்கே மெழுகுதிரி வைப்பது வழக்கம், வைத்தேன். மெழுகு உருகினால் ஓடும், துளை இருந்தால் அதற்குள் போகும். அது மெழுகின் குணம். ஓடாத இடத்துக்கு விரலால் தள்ளிவிட்டேன்.

பிறகு நடந்ததில் என் தவறு ஒன்றுமில்லை. அன்றைக்கு அக்னஸின் கூட்டம் வரவில்லை, வேறு வேலை இருந்திருக்கும். வெள்ளை உடுத்த பிள்ளைகள் வந்தார்கள், தொட்டிக்குள் இறங்கினார்கள், டெனிஷா பாட்டைப் போட்டாள். அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் ஐயா. பாட்டென்று சொல்ல முடியாது, கொங்கிறீற் கலக்குகிற மெசின் விக்கல் எடுப்பதுபோல ஒரு இடி. நெஞ்சாங்கூடு அதிரும், ஓட்டிலிருந்து வௌவால் விழும். அதற்குள்ளே ஒருவன் பெட்டிக்குள்ளிருந்து தட்டினால் யாருக்குக் கேட்கும்? கத்தினால்தான் யாருக்குக் கேட்கும்? நான் பக்கத்தில் கதிரையில்தான் இருந்தேன். எனக்கே கேட்கவில்லை. முதலில் வேகமாகத் தட்டினான், என் பெயரைச் சொன்னான், அம்மாவின் பெயரைச் சொன்னான், பிறகு அருள்நிறை மந்திரம் சொல்லத் தொடங்கிப் பாதியில் மறந்துபோய்த் திரும்பத் தொடங்கினான். பிறகு நகத்தால் பிறாண்டினான். பிறகு அதுவும் இல்லை. இதில் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தம்தான் அவனைக் கொன்றது. வழக்குப் போடுவதென்றால் அந்தப் பாட்டின் மேல் போடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன்.

ஞாயிறு காலை அக்னஸ் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பண்ணைக்கு வந்தாள். நிக்கொலஸ் என்று ஒருவன் பூசைக்கு முதல் தன்னை வந்து காணுவதாகப் பண்ணையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தானாம், காணவில்லையாம். வாளியைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். அந்த நாற்றம் இம்முறை வாளியிலிருந்து வரவில்லை. ஆணியைப் பிடுங்கச் சொன்னது அவள், பிடுங்கியது அவளை ஏற்றி வந்த ஃபஸ்லான். மூடியின் உள்பக்கத்தை நான் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கழுவப் போனேன்.

இவ்வளவுதான் ஐயா. சொன்னதெல்லாம் அன்னம்மாவின் மேல் சத்தியம். பெட்டியில் ஆணி அடித்த நாள் எது என்று கேட்டீர்கள்.

பெரிய வெள்ளி.