ஓட்டை விழுந்த பேப்பர்

— அந்தக் கட்டு மேல உட்காராதீங்கக்கா, அது சரியும். இந்த டின்னைக் கவுத்துப் போடுறேன், இதுல உட்காருங்க. ம், கேளுங்க. எத்தனையாவது கேள்வியில நின்னோம்?

— அஞ்சு. 'பழைய பேப்பர் கடை நடத்தும் உங்கள் வாழ்நாள் கனவு என்ன?'

— ரெண்டு பக்கமும் கதவு வச்ச கடை.

— அதெல்லாம் ஒரு கனவா தம்பி?

— மழை வந்தா வெளிய கிடக்கிற அத்தனை கட்டையும் ஒரே கதவு வழியா உள்ள இழுத்துப் பாருங்க. அப்பத் தெரியும்.

— நான் வேற மாதிரி எழுதிட்டு வந்துட்டேனே. அதாவது, 'தன் மகளை டாக்டராக்க வேண்டும் என்று சொன்னபோது அவர் கண்கள் கலங்கின'ன்னு.

— எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல.

— அது தெரியாம எழுதிட்டேன். மகளை எடுத்துடலாம். கண்ணு கலங்குறது மட்டும் இருக்கட்டும். கொஞ்சம் கலங்குங்களேன்.

— அதுக்கென்ன, அந்த மூலையில இருக்கிற மூட்டையை உதறினா ரெண்டு பேருக்குமே கலங்கும். ஏன்க்கா, ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடியே கட்டுரையை முடிச்சுட்டுத்தான் வருவீங்களா?

— முழுசா இல்ல. முக்கால்வாசி. பகல்ல பல் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கணும், போன் எடுக்கணும், ஊசின்னதும் எழுந்து ஓடுறவங்களைப் பிடிச்சு உட்கார வைக்கணும். எனக்கு ஏது நேரம்? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வகுப்புல குடுத்தாகணும். கடைசிக் கட்டுரை.

— எத்தனையோ பேர் இருக்க, என்னை எப்படிப் பிடிச்சீங்க?

— யார் கண்ணுலயும் படாத ஆளாப் பாத்து எழுதுங்கன்னு எங்க சார் சொன்னாரு.

— ஆறடி இருக்கேன். போகட்டும். இந்தக் கட்டுரையைக் குடுக்கலைன்னா என்ன ஆகும்?

— எட்டு பேர் சேர்ந்தோம் தம்பி. பத்து வாரம். பேப்பர்காரங்களே நடத்துற வகுப்பு. எட்டு பேர்ல ஒருத்தர் கட்டுரை மட்டும் ஞாயித்துக்கிழமை இணைப்புல வரும், பேரோட. நான் மூணு குடுத்தேன், மூணும் போச்சு.

— போனாப் போகுது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

— அப்படி விட முடியாது. எங்க பல் டாக்டரம்மா, பேஷண்ட் காத்திருக்கிற அறையில ஒரு ஃபிரேமையே மாட்டிட்டாங்க. என் கட்டுரையை வைக்கிறதுக்கு.

— அதுல இப்ப என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்ல. கண்ணாடி, பின்னாடி வெறும் அட்டை. ரெண்டு மாசமா. வர்றவங்க எல்லாம் பல்வலியை மறந்துட்டு 'இது என்னங்க'ன்னு என்னைக் கேக்குறாங்க. ஒருத்தர் எக்ஸ்ரே வைக்கிற இடம்னு நினைச்சுத் தன்னோட கடவாய்ப்பல்லைச் சொருகிட்டுப் போயிட்டாரு. சிரிக்காதீங்க தம்பி. எனக்கு நாப்பத்தாறு வயசு. எனக்குன்னு நான் ஆசைப்பட்டது இது ஒண்ணுதான். என் பேரை அச்சுல பாக்கணும்.

— சிரிக்கலக்கா. சரி, ஆரம்பம் என்ன வச்சிருக்கீங்க? படிங்க.

— 'காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் கடை வாசலைத் தழுவிக்கொண்டிருந்தான்.'

— நம்ம கடைக்கு வெயில் வந்ததே இல்ல. எதிர்ல ஆறு மாடி. பகல்லயே ட்யூப்லைட்தான், அதுவும் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும்.

— சூழலைச் சொல்லி ஆரம்பிக்கணும்னு எங்க சார் சொல்லியிருக்காரு.

— இருக்கிற சூழலையா, இல்லாத சூழலையா?

— சரி, அடிச்சாச்சு. கண்ணடிக்கிற ட்யூப்லைட்டுன்னு போட்டுக்கிறேன். போதுமா?

— சும்மா சொல்லக் கூடாது, இது நல்லாயிருக்கு. முடிவும் எழுதிட்டீங்களா?

— அதைத்தான் முதல்ல எழுதுவேன். 'அவர் வெறும் காகித வியாபாரி அல்ல, காலத்தின் காவலர்.'

— காவலரா? கடைக்கு இருக்கிறது ஒரே பூட்டு, அதுவும் ஓங்கித் தட்டினாத்தான் விழும். யாருக்கா உங்க சார்?

— இணைப்போட பொறுப்பாசிரியர். நாங்க சிவப்புப் பேனான்னு சொல்லுவோம், அவர் காதுல விழாம. மேசை மேல சிவப்புப் பேனா, கத்திரிக்கோல், பசை மூணும் வரிசையா இருக்கும். கட்டுரையைக் கையாலதான் எழுதித் தரணும், மனசுலேர்ந்து நேரா கைக்கு வரணும்பாரு. குடுத்த தாளு திரும்பி வராது. போன்ல ஒரே பேச்சு, 'உயிர் இல்லம்மா'. மூணு தடவையும் அதேதான்.

— இணைப்போட கடைசிப் பக்கத்துல 'கண்ணில் பட்டவை'ன்னு வாராவாரம் எழுதுறாரே, அவரா? துண்டு துண்டா, நடுநடுவுல நட்சத்திரம் போட்டு?

— அவரேதான். நான் படிக்கிறதில்ல.

— உங்க சார் எழுதுறதையேவா?

— முத நாளே சொல்லிட்டாரு. 'வகுப்பு முடியிற வரைக்கும் என் பக்கத்தைப் படிக்காதீங்க, என் நடை உங்களுக்கு ஒட்டிக்கும்'னு. அவ்வளவு அக்கறை. எட்டு பேரும் சத்தியம் பண்ணிக் குடுத்தோம்.

— ரொம்ப நல்ல மனுஷன். சரி, அந்தக் கேள்வித்தாளை மடிச்சுப் பையில வைங்க. நம்ம கடைக்கு வர்ற பேப்பர்ல நான் முதல்ல எதைப் பாப்பேன், சொல்லுங்க.

— எடையை.

— ஓட்டையை.

— என்ன ஓட்டை?

— பிடிச்சதை வெட்டி வச்சுக்கிட்டு மிச்சத்தைத்தானே எனக்குப் போடுறாங்க. இதப் பாருங்க, இது மூணாவது தெரு மாடி வீடு. முழங்கால் வலின்னு எங்க வந்திருந்தாலும் அங்க ஓட்டை. இது வக்கீல் வீடு, குறுக்கெழுத்து இருந்த இடம் காலி. பின்பக்கத்து வீட்டுல நாலு மாசமா வாடகை விளம்பரத்துல ஓட்டை. இந்த மாசம் பேப்பரே வரல. வீடு கிடைச்சுப் போயிட்டாங்க, ஒரு வார்த்தை சொல்லாம.

— அட.

— போன வருஷம் ஒரு கட்டுரை வந்துச்சு. பஸ் கண்டக்டர் ஒருத்தர், பஸ்ஸுல மறந்துட்டுப் போன குடையெல்லாம் எடுத்து வச்சு, வருஷக்கணக்கா ஆளைத் தேடித் தேடிக் குடுத்தவரு. அந்த வாரம் பதினோரு வீட்டுப் பேப்பர்ல அதே இடத்துல ஓட்டை. ஆனா பொற்கரம் தழுவுற கட்டுரை எல்லாம் முழுசா வந்து சேர்ந்துடும். நுனி கூட மடங்கியிருக்காது.

— குத்திக் காட்டாதீங்க. இருங்க, எழுதிக்கிறேன். முழங்கால், குறுக்கெழுத்து, வாடகை வீடு, பதினோரு வீட்டுல குடை. தம்பி, இதுதான் கட்டுரை. வந்ததுமே சொல்லியிருக்கலாம்ல?

— நீங்க கனவைக் கேட்டீங்க.

— இனிமே கேக்க மாட்டேன். வேற என்ன வச்சிருக்கீங்க?

— சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. பேப்பர் ஆபீஸ் கழிவும் நமக்குத்தான் வருது, மாசம் ஒரு வண்டி. பல் ஆஸ்பத்திரியில வேலைன்னு நீங்க சொன்னதுமே ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன். 'வெண்முத்துக்களின் காவலர்கள்' உங்களுதுதானே?

— ஐயோ. அது உங்ககிட்டயா வந்து சேர்ந்துச்சு?

— மேல் தட்டுல பத்திரமா இருக்கு. அதுலயும் கதிரவன் உதிச்சாரு. அதுலயும் ஒரு காவலர்.

— முதல்ல அதைக் கீழ இறக்குங்க. கிழிச்சுப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி.

— இந்தாங்க. கிழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டாம் பக்கத்தைப் பாருங்க.

— என்ன இது, நடுவுல தாளையே காணோம்?

— நான் கை வைக்கல. வரும்போதே அப்படித்தான். கோடு போட்ட மாதிரி வெட்டியிருக்கு பாருங்க, பழகின கை. அந்த இடத்துல என்ன எழுதியிருந்தீங்க?

— ஒரு பெரியவரைப் பத்தி. புதுப் பல்செட்டு கட்டிக்கிட்டுப் போனவரு, ஒரே வாரத்துல அதைக் கைக்குட்டையில மடிச்சு எடுத்துட்டுத் திரும்பி வந்தாரு. 'பழைய செட்டையே குடுங்கம்மா. இதைப் போட்டுக்கிட்டு சிரிச்சா, போட்டோவுல இருக்கிற என் சம்சாரத்துக்கு என்னை அடையாளம் தெரியாது'ன்னாரு. நான் ஒண்ணும் சேர்க்கல. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

— அக்கா, இது எந்த வீட்டுக்குப் போனாலும் ஓட்டை விழும்.

— நெஜமாவா? அப்ப சிவப்புப் பேனாவே பிடிச்சுப்போய் வெட்டி வச்சுக்கிட்டாரோ என்னவோ. பாத்தீங்களா, வாயால பாராட்டலைன்னாலும் மனசுல ஒரு இது இருந்திருக்கு.

— இருங்க இருங்க. பல்செட்டு. நான் இதை எங்கயோ படிச்சிருக்கேன். உங்க கையெழுத்துல இல்ல, அச்சுல. ஞாயித்துக்கிழமைக் கட்டு எங்க, கொஞ்சம் காலைத் தூக்குங்க. இது இல்ல. இதுவும் இல்ல. ம், இந்தா இருக்கு, கடைசிப் பக்கம். 'நேற்று மாலை பூங்காவில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். புதிய பல்செட்டைக் கைக்குட்டையில் மடித்து வைத்திருந்தார்.'

— குடுங்க இப்படி.

— மிச்சத்தையும் படிக்கட்டுமா?

— வேணாம், எனக்கு மனப்பாடம். கைக்குட்டை என்னுது, சம்சாரம் என்னுது, போட்டோ என்னுது. பூங்கா மட்டும் அவரோடது.

— உயிர் இல்லம்மான்னு சொன்னாரே.

— உயிரை எடுத்துக்கிட்டு மிச்சத்தைப் பத்திச் சொல்லியிருக்காரு.

— உட்காருங்கக்கா. தண்ணி குடிங்க. இப்ப அழறீங்களா, சிரிக்கிறீங்களா?

— எனக்கே தெரியல. தம்பி, நான் அச்சுல வந்துட்டேன். ஒரு வாரமா ஊரே படிச்சிருக்கு, எனக்குத்தான் தெரியாது. இதை வெட்டி அந்த ஃபிரேம்ல வச்சுடட்டுமா?

— வைக்கலாம். கீழ அவர் பேரு இருக்கும், பரவாயில்லையா?

— வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. நாளைக்கு ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு கட்டுரையைச் சத்தமாப் படிக்கணும். பேப்பர் முதலாளியம்மா முன் வரிசையில வந்து உட்காருவாங்க. எது அச்சுல வரணும்னு அவங்கதான் சொல்லப் போறாங்க.

— அப்புறம் என்ன? ட்யூப்லைட்டுல ஆரம்பிங்க. முழங்கால், குறுக்கெழுத்து, குடை, எல்லா ஓட்டையையும் சொல்லுங்க. கடைசியில காவலரைப் போடாதீங்க. உங்க தாளைத் தூக்கி, அந்த ஓட்டை வழியா அவரைப் பாருங்க.

— ஒரே ஒரு ஓட்டையை வச்சுக்கிட்டு என்னத்தைச் சொல்றது? 'அந்தப் பெரியவர் பூங்காவுக்கும் வந்தாரு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாரு. அவர் ஆசிரியர், நான் டோக்கன் குடுக்குறவ. யாரை நம்புவாங்க?

— ஒரே ஓட்டைன்னு யார் சொன்னா? உங்க தாளு வந்த கட்டு இதுதான், மிச்சத்தையும் பாத்துடலாம். இந்தா, டாக்ஸி ஓட்டுற அம்மாவைப் பத்தி ஒண்ணு. நடுவுல ஓட்டை. கடிகாரம் ரிப்பேர் பண்றவரைப் பத்தி ஒண்ணு, இதுலயும் ஓட்டை.

— அது தபால் ஆபீஸ் அண்ணன் கையெழுத்து. பாவம், அவருக்கும் உயிர் இல்லன்னுதான் போன் வந்துச்சு.

— பச்சை மையில எழுதினது?

— நர்ஸ் பொண்ணு. எங்க வகுப்புலயே சின்னவ. மூணாவது தடவை போன் வந்ததும் இனிமே எழுதவே மாட்டேன்னு அழுதா தம்பி. காட்டுங்க. கடவுளே, இதுலயும் ஓட்டை.

— அக்கா, ஒரு வேலை பண்ணுங்க. அவரோட பக்கம் உங்க கையிலதானே இருக்கு? நட்சத்திரம் போட்டுப் பிரிச்சிருக்காருல்ல, மொத்தம் எத்தனை துண்டுன்னு எண்ணுங்க.

— டாக்ஸி ஒண்ணு, கடிகாரம் ரெண்டு, என் பல்செட்டு மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு... தம்பி, நாளைக்கு ஒம்பது மணிக்கே கடையைத் திறந்து வைங்க. நாங்க எட்டு பேரும் வர்றோம்.