திருத்தச் சீட்டு

உங்கள் படிவத்தில் 'வயது' என்று ஒரு கட்டம் இருக்கிறது, மேடம். அந்த இடத்தில் பிறந்த ஆண்டைக் கேட்டால் நன்றாக இருக்கும். வயது வருடா வருடம் மாறும். இன்று எழுதியது அடுத்த வருடம் பொய்யாகிவிடும். பிறந்த ஆண்டு அப்படியில்லை, எழுதினால் எழுதியதுதான். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். தொழில் புத்தி.

தொழில் என்னவென்று கேட்டீர்கள். ஊர் வரலாறும் வம்சாவளியும் சேர்த்து வைக்கும் காப்பகத்துக்கு நான் காப்பாளர். மூடிப்போன பள்ளிகளின் வருகைப் பதிவேடு, இடித்த வீடுகளின் வரைபடம், யாரும் திருப்பிக் கேட்காத கல்யாணப் புகைப்படம் எல்லாம் எங்களிடம்தான் வந்து சேரும். தெருவில் எங்களைப் பழைய பேப்பர் கடை என்பார்கள். பழைய பேப்பர் கடைக்காரருக்காவது லாபம் உண்டு.

எங்கள் வருடம் முழுக்க ஒரே ஒரு நூலைச் சுற்றித்தான் ஓடும். ஆண்டு நூல் என்போம். ஊரின் பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளைப்படம் உண்டு. அந்த வருடம் பிறந்தவர், மணமானவர், இறந்தவர் எல்லாரையும் அதில் சேர்த்து, கடைசி மாதத் தொடக்கத்தில் அச்சிட்டு வெளியிடுவோம். பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, இறந்த ஆண்டு. தேதி, மாதம் எல்லாம் போடுவதில்லை. அதெல்லாம் மருத்துவமனைக்காரர்களின் கவலை. உயிரோடு இருப்பவருக்குக் கோட்டுக்குப் பிறகு வெற்றிடம் இருக்கும். ஊரை விட்டுப் போனவர்கள்கூடச் சந்தா கட்டித் தபாலில் வரவழைத்துப் படிக்கிறார்கள். தன் பெயரை அச்சில் பார்க்க எல்லாருக்கும் ஆசை. அதில் ஒரு தப்பைக் கண்டுபிடிக்க அதைவிடப் பெரிய ஆசை.

எனக்கு முன்பு காப்பாளராக இருந்தவருக்கு ஊர் வைத்த பெயர் 'திருத்தச் சீட்டு'. அவர் காலத்தில் எந்த ஆண்டு நூலைத் திறந்தாலும் உள்ளேயிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழும். 'இன்னாரின் மனைவி என்பதை இன்னாரின் மருமகள் என்று திருத்திப் படிக்கவும், தவறுக்கு வருந்துகிறோம்.' ஒரு வருடம் சீட்டிலேயே தப்பு வந்து, சீட்டுக்கு ஒரு சீட்டு போட்டார். அவர் ஓய்வு பெற்ற விழாவில் பேசியது நான். இவருடைய சீட்டுகளையெல்லாம் சேர்த்துக் கட்டினால் அதுவே ஒரு ஆண்டு நூலாகும் என்றேன். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பாவம், அவரும் சிரித்தார். அந்த மேடையிலேயே, என் காலத்தில் சீட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னேன். வாய் சும்மா இருந்ததா என்று கேட்காதீர்கள். சொன்னதைக் காப்பாற்றினேன்.

அவர் இன்னும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வருகிறார். முன்வரிசையில் உட்கார்ந்து, முதல் பிரதியை வாங்கி, அட்டையைப் பிடித்துத் தலைகீழாக ஒரு உதறு உதறுவார். எதுவும் விழாது. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்காருவார். எனக்கு அதுதான் விருது, அதுதான் பொன்னாடை.

போன வருட நூலையும் அப்படித்தான் உதறினார். எதுவும் விழவில்லை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு பெரியவர் என் அறை வாசலில் வந்து நின்றார். சந்தைத் தெரு முனையில் பூட்டுக் கடை வைத்திருந்தவர். ஊரில் பாதி வீட்டுச் சாவி அவர் கையால் செய்தது. உட்காரச் சொன்னேன். உட்காராமல் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சார், உங்க புக்குல நான் செத்துட்டேன். பக்கத்து வீட்டம்மா வந்து எங்கிட்டயே துக்கம் விசாரிச்சுட்டுப் போறாங்க."

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். செத்துத்தான் போயிருந்தார்.

எப்படி என்று விளக்கிவிடுகிறேன். அண்ணன் தம்பி இருவர் தங்கள் மகன்களுக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள். அண்ணன் மகன் தையல்காரர், தம்பி மகன் இந்தப் பூட்டுக்காரர். தாத்தாவுக்கு மரியாதை செய்தவர்கள் எங்களைப் போன்றவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம். வெயில் காலத்தில் இறந்தது தையல்காரர். நான் ஆண்டைக் குறித்தது பூட்டுக்காரர் பெயருக்குக் கீழே. பக்கத்துப் பக்கத்துக் கிளை. கை ஒரு கிளை தாவிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானையை யாரும் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்ப்பதில்லை.

பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். அவருக்கு ஒரே மகளாம். மனத்தாங்கலில் வீட்டை விட்டுப் போய்ப் பல வருடமாகிறதாம். எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் எங்கள் நூலுக்குச் சந்தா கட்டுகிறாள் என்பது மட்டும் யாரோ சொல்லித் தெரிந்திருந்தது.

"நான் இருக்கேனா போயிட்டேனான்னு அவ பார்த்துக்கறதே உங்க புக்குலதான் சார். என்னைக்காவது வருவான்னு இருக்கேன். செத்துட்டேன்னு படிச்சா அப்புறம் எதுக்கு வருவா? அவ விலாசத்தக் குடுங்க, நானே எழுதிப் போட்டுடறேன்."

சந்தாதாரர் விலாசத்தை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் விதியை மீறுகிறவன் இல்லை. அதைப் பக்குவமாகச் சொன்னேன்.

"அப்போ ஒரு சீட்டாவது அடிச்சு அவளுக்கு அனுப்பிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கவனிக்கிறேன் ஐயா என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. அச்சகக்காரரிடம் பட்டும் படாமலும் பேசிப் பார்த்தேன். கால் பக்கச் சீட்டுதானே, சாயங்காலத்துக்குள் அடித்துத் தருகிறேன், காசுகூட வேண்டாம் என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் ஊர் முழுக்கப் பரவ எத்தனை நேரமாகும் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன். வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனைவி காரணம் கேட்டாள். சொன்னேன்.

"ஏங்க, ஒரு சீட்டு போட்டா குடியா முழுகிடும்? அந்த மனுஷன் மகளுக்காகத் தவிக்கிறாரு, நீங்க என்னடான்னா மானம் போச்சுன்னு உட்கார்ந்திருக்கீங்க."

நல்லவள். ஆனால் வெளியீட்டு விழாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அந்த உதறலை அவள் பார்த்ததில்லை.

நிதானமாக யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. நூலில் இருப்பது வெறும் ஆண்டு. அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை. அப்படியென்றால் நூல் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். டிசம்பர் முடிவதற்குள் நூலையாவது திருத்த வேண்டும், அவரையாவது திருத்த வேண்டும். நூல் நூற்றுக்கணக்கான பிரதி, ஊர் ஊராகப் போய்விட்டது. அவர் ஒரே பிரதி, கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் நான் சொல்வது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது போல. வாக்குமூலம்தானே, எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

எங்கள் வருடத்தின் கடைசி வேலை காப்பறைச் சோதனை. காப்பறை என்பது கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. மூல ஆவணங்கள் எல்லாம் அங்கேதான். அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்க முடியாது, காகிதம் ஊறிப்போகும். அதனால் காற்றை விரட்டிவிட்டுத் தீயை மூச்சடைக்க வைக்கும் ஒரு வாயுவை வைத்திருக்கிறோம். காகிதத்துக்கு ஒரு கீறல்கூட விழாது. அமைத்தவர்கள் காகிதத்தை மட்டும்தான் நினைத்திருந்தார்கள். வருடக் கடைசியில் வாயுக் குழாயை அடைத்துவிட்டு, அபாயச் சங்கை மட்டும் ஒலிக்கவிட்டுச் சோதிப்போம். சங்கு ஊதினால் ஊழியர்கள் ஓடி வர மாட்டார்கள். வருடாந்திரச் சோதனைதானே என்று தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

காப்பறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி ரொம்ப நாளாகவே இறுக்கம். பூட்டு வேலைக்குப் பூட்டுக்காரரைத்தானே கூப்பிட வேண்டும்? சொல்லி அனுப்பினேன், உடனே வந்தார். கூலி எவ்வளவு என்றேன்.

"கூலியெல்லாம் எதுக்கு சார்? சீட்டு போடறேன்னீங்களே, அது போதும்."

கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு செய்தால் பிடிமானம் சரியாகத் தெரியும் என்று நான் சொன்னேன். அவரும் அதுதான் முறை என்றார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையை விரித்து, கைப்பிடியைப் பாகம் பாகமாகக் கழற்றி அதில் வரிசையாக வைத்தார். நல்ல வேலைக்காரர், பார்க்கவே அழகாக இருந்தது. கைப்பிடியைக் கழற்றியது அவர்தான் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான் தொடவில்லை. நான் கதவைச் சாத்தினேன், மேலே போனேன், சோதனையை நடத்தினேன். குழாயை அடைக்கவில்லை.

திரும்பி இறங்கி வந்து கதவருகே நின்றேன். அவரைத் தனியாக விட மனம் வரவில்லை. உள்ளேயிருந்து தட்டினார். முதலில், வேலை முடிந்துவிட்டது வாருங்கள் என்று கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் கொஞ்சம் வேகமாக. ஒருமுறை "சார்" என்றார். பிறகு தட்டவில்லை. சங்கு நிற்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

குழாயை அடைக்க மறந்துவிட்டேன், அவர் உள்ளே இருப்பதும் கவனத்தில் இல்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருட வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான். காப்பகக் கமிட்டித் தலைவர் என் தோளைத் தட்டி, உங்களைப் போய் யார் குறை சொல்வார்கள் என்றார். இரங்கல் தீர்மானம் போட்டோம். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். அடக்கத்துக்கும் போனேன். புது வருடம் பிறந்தபோது என் நூல் சுத்தமாக இருந்தது.

பிறகு அந்த மகள் வந்தாள்.

நூலில் அப்பா பெயருக்குக் கீழே ஆண்டைப் பார்த்தவள், புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் பல நாள் அதைத் தொடவே இல்லையாம். கடைசியில் மனம் கேட்காமல், அவர் இருந்த வீட்டையாவது பார்க்கலாம் என்று கிளம்பி வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வருடக் கடைசியில்தான் செத்தார், அதற்கு முன்பு சீட்டு போடச் சொல்லி என்னைத் தேடித்தான் போனார் என்று.

என் எதிரில் உட்கார்ந்து, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தாள். அச்சான மாதம் அதில் இருக்கிறது. அதைப் போட்டே ஆக வேண்டும் என்று அச்சகக்காரரிடம் வருடா வருடம் சண்டை பிடிப்பவன் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

"நான் இதப் படிச்சப்போ அப்பா உயிரோட இருந்திருக்காரு. அவர் நம்பர் எங்கிட்ட இருந்துச்சு சார். ஒரு போன் போட்டிருந்தா எடுத்திருப்பாரு."

அவள் அழவில்லை. கோபமும் படவில்லை. செத்துப்போவார் என்று உங்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டாள். அதற்கான பதிலைத்தான் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை, மேடம். கிளம்பும்போது அவள் தன் குடும்பத்துக் கிளைப்படத்தைப் பிரித்து, அப்பா பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"தையல் பெரியப்பா வெயில் காலத்துலயே போயிட்டாராமே. இதுல உயிரோட இருக்காரே?"

குனிந்து பார்த்தேன். தையல்காரர் பெயர், பிறந்த ஆண்டு, கோடு, வெற்றிடம். ஒருவருக்குப் போட வேண்டியதை இன்னொருவருக்குப் போட்டால் முதலாமவருக்கு அது இல்லாமல்தானே போகும்? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை? கதவருகே நின்றபோது வராத வெட்கம் அப்போது வந்தது. எப்படியும் ஒரு சீட்டு போட்டே ஆக வேண்டியிருந்திருக்கிறது.

அதனால் ஒரு உதவி. வெள்ளைத்தாள் கால் பக்கம் கொடுங்கள், இப்போதே எழுதித் தருகிறேன். அச்சகக்காரரிடம் சேர்த்துவிடுங்கள். எனக்கு முன்பிருந்தவர் உதறிப் பார்ப்பார், விழட்டும். 'தையல்காரரின் பெயருக்குக் கீழே இறந்த ஆண்டைச் சேர்த்துப் படிக்கவும், தவறுக்கு வருந்துகிறோம்.' அது போதும். பூட்டுக்காரரைப் பற்றி அதில் எதுவும் வேண்டாம். அவருடைய பதிவில் தவறு இல்லை.