கரிமணல் ஏற்றிய பெட்டிகள்

— பின்ன என்னதுக்கு புட்டு கடிக்கும்போ பல்லுக்கெடையில நறநறங்குது? மாவரிக்கிய அரிப்பத் தொட்டீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.

— தொட்டேன். அதுக்கென்ன பிந்து, கழுவித்தான வச்சேன்.

— என்னத்த அரிச்சீங்க அதுல?

— கரிமணலு. மணவாளக்குறிச்சி கடப்புறத்துல இருந்து ரெண்டு செரட்ட அள்ளீட்டு வந்தேன். எனக்க பொம்ம ரயிலுப் பெட்டிக்கு வெயிட்டு ஏத்தண்டாமா?

— திங்கிய மாவு அரிக்கியதுல கடப்புறத்து மணலு. நாயி மோண்ட மணலு. த்தூ. கேட்ட ஒடன கொமட்டிக்கிட்டு வருது.

— நீ துப்புனா சரியாப் போவுமா? விசயத்தக் கேளு. இந்தப் பெட்டி அஞ்சும் வெறும் தக்க. ஃபேன் போட்டாலே ஆடுது, வளைவுல சரிஞ்சு விழுது. கரிமணலுன்னா கொஞ்சம் போட்டாலே நல்ல கனம் உண்டு. அதான் சீட்டுக்கு அடியில கொட்டி, பசை ஊத்தி ஒறைய வச்சேன்.

— ஒறஞ்சுதா?

— எங்க ஒறஞ்சுது. ஓட்டும்போ தண்டவாளம் முழுக்கச் சிந்தி, எஞ்சினுக்குள்ள மோட்டாரு காந்தத்துல போய் அப்பிக்கிட்டு. சின்னதுல காந்தத்த வச்சு அந்த மணலுல வெளையாடாத எவனும் இந்தக் கரையில உண்டா? எனக்கே மறந்து போச்சு பாரு. இப்பம் எஞ்சினு இருமுது.

— கொள்ளாம், நல்லாருக்கு. ஒங்க எஞ்சின் வயித்துலயும் மணலு, எனக்க வயித்துலயும் மணலு. நாம வாடகைக்குப் பாத்த கரமன வீட்டுக்காரரு இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்குள்ள முடிவு சொல்லணும்னு சொன்னாரு. நேரம் இப்பம் ஒம்பதரை.

— நாளைக்கு நாகர்கோவில்ல எக்ஸிபிஷன், வண்டிய அங்க ஓட்டிக் காட்டணும். அது முடியட்டுன்னு சொன்னேம்லா.

— முதல்ல திருவிழா முடியட்டுன்னு சொன்னீங்க, பின்ன மழ முடியட்டுன்னு சொன்னீங்க. இரணியல்ல ரயிலு பிடிச்சு திருவனந்தபுரத்துல லேபுல காலையில எட்டு மணிக்கு நிக்கணும்னா நான் நாலு மணிக்கு எந்திரிக்கணும். திரும்பி வந்து குளிச்சு, சோறு பொங்கி முடிக்க மணி ஒம்பது. பதினோரு வருசம் இந்த ஓட்டம். ரெண்டு கால் முட்டும் வீங்கிக் கெடக்கு. அங்கயே ஒரு வீட்டப் பாத்து ரெண்டு பேருமாப் போயிருவோம்னு கேட்டேன். வேற என்னத்தக் கேட்டேன் நான்?

— வீடு பாக்க நான் வரல்லியா?

— வந்தீங்க. டேப்பு கொண்டுட்டு வந்தீங்க. அடுக்களையப் பாக்கல்ல, கெணத்த எட்டிப் பாக்கல்ல. முன்னறைய மட்டும் அளந்துட்டு, பன்னெண்டடி போர்டு கேறாது, இந்த வீடு ஆவாதுன்னு அந்த மனுசனுக்க மொகத்தப் பாத்துச் சொன்னீங்க. என்ன போர்டுன்னு அவரு கேட்டாரு. பொம்ம ரயிலு ஓட்டியதுக்குன்னு நான்தான் சொன்னேன். வெக்கத்துல தொலி உரிஞ்சு போச்சு எனக்கு.

— கேறாதத கேறும்னா சொல்ல முடியும்? அத விடு. இத ஒருக்காப் பாரு. ரெடி டு ரன்னுன்னு அட்டையில கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். ரெடியும் இல்ல, ரன்னும் இல்ல. சக்கரம் பிளாஸ்டிக்கு. ஜன்னல் கம்பிய கண்ணாடியில வெள்ளக் கோடா வரைஞ்சு வச்சிருக்கான். இன்னொருத்தனுக்க பெட்டியும் பாத்தேன், உள்ள சீட்டே கெடையாது, வெறும் கூடு. இதுல சீட்டாவது உண்டேன்னு வாங்கிப் பிரிச்சுப் பாத்தா, அம்புட்டும் ரோஸ் நிறம். பாசஞ்சர் வண்டியா, பிரசவ வார்டா? பாக்கப் பாக்க அருவருப்பா இருக்கு.

— ஒங்களுக்கு அருவருப்பு. ம்.

— சக்கரத்த மாத்தியாச்சு. பித்தளக் கம்பி நறுக்கி ஜன்னலுக்கு ஒட்டியாச்சு. சீட்டுக்கு நீலம் அடிச்சாச்சு. இனி அழுக்கு அடிக்கணும், புதுசு மாரி மினுங்கப்பிடாது. அதுக்குத்தான் ஒன்னக் கூப்பிட்டேன். நீ தெனமும் போற வண்டி. அழுக்கு எங்க எங்க உண்டுன்னு சொல்லு.

— வாசப்படிக்க ஓரத்துல வெத்தலத் துப்பலு. பிடிச்சுப் பிடிச்சுக் கறுத்த கம்பி. கக்கூஸ் வாசல்ல ஈரம். போதுமா? அந்த நாத்தத்துக்கு எந்த டப்பாவுல பெயிண்டு வச்சிருக்கீங்க?

— நாத்தத்துக்கு இல்ல. துப்பலுக்கு செங்காவி உண்டு. அது வலத்துப் பக்கமா, எடத்துப் பக்கமா?

— சுயம்புராஜுன்னு ஒரு மனுசன் எனக்க கழுத்துல தாலி கட்டுனாரே, அவருட்டதான் பேசியனா நான்? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எனக்கக்கூட அந்த வண்டியில வந்ததுண்டா நீங்க? வீடு பாக்கவும் பைக்குலதான வந்தீங்க.

— கூட்டம் எனக்கு ஆவாது, ஒனக்குத் தெரியும்லா.

— தெரியும். எல்லாம் தெரியும். கடைசியாக் கேக்கியேன். கரமனைக்கு நீங்க வாறீங்களா, இல்லியா?

— ஒன்ன நான் நெனைக்காமலா இருக்கேன்? அந்த ரெண்டாம் பெட்டியக் கையில எடு. பைய, ஒடஞ்சிராம. கோட்டு போட்ட வெள்ளக்காரிப் பொம்ம ஒண்ணச் சீவி, பச்ச சேல அடிச்சு ஜன்னலோரம் ஒட்டி வச்சிருக்கேன். மடியில பை. நேத்து முழுக்க அதுலதான் இருந்தேன். அது நீதான்.

— ஜன்னலோரமா?

— பின்ன? நல்ல காத்து வரும்லா.

— பதினோரு வருசத்துல ஜன்னலோரம் எனக்குக் கெடச்ச நாள வெரலு விட்டு எண்ணீரலாம். கக்கூஸ் சொவருல சாஞ்சு நிக்கியவ நான். ஒங்களுக்கு இன்னைக்கு வர இது தெரியாது.

— அதுக்கென்ன, பேத்து எடுத்து கக்கூஸ் பக்கம் நிறுத்தீரலாம். அந்தக் கொறடு எடு. ஏட்டி, கொறடு கேட்டா போன எடுக்க? யாருக்கு?

— கரமன வீட்டுக்காரருக்கு. சாரே, இரணியல்ல இருந்து பிந்துவாக்கும். அந்த வீடு எங்களுக்கு வேண்டாம்.

— அப்பிடிச் சொல்லு. எக்ஸிபிஷன் முடியட்டு, நெதானமா வேற பாப்போம். கொறடு நானே எடுத்துக்கிடுதேன்.

— ஒங்க மாடியில ஒத்த ஆளு தங்கிய முறி ஒண்ணு காலியாக் கெடக்குன்னு சொன்னீங்களே சாரே, அது மதி எனக்கு, அது போதும். ஆமா, நான் மட்டுந்தான். திங்கக்கெழம சாமான் கொண்டுட்டு வாறேன். போன வச்சிருதேன்.

— நீ மட்டுமா? பிந்து, வெளையாடாத. சனி ஞாயிறு வருவல்லா?

— கொறடு கீழ வையுங்க. அந்தப் பொம்மையப் பேக்கண்டாம், அங்கயே இருக்கட்டு. அவளாவது சாயந்திரம் இரணியலுக்குத் திரும்பி வரட்டு.