வெள்ளைப் படகின் இடப்பக்கம்

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். இது என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது. அவன் பல் டாக்டர். பேய் என்றாலே கேலி பேசுகிற ஆள். இப்போதெல்லாம் பேசுவதில்லை.

மாலை ஆறு மணி. மழை விட்டிருந்தது. படகுப் பட்டறைக்குப் போகும் பாதையில் ஈ காக்கை இல்லை. டாக்டரும் மனைவியும் காரை வெளியே விட்டுவிட்டு நடந்தார்கள். ஈரச் சரளையில் செருப்புச் சத்தம்... சரக்... சரக். எங்கோ ஒரு பாய்மரத்தில் கயிறு காற்றுக்கு மோதிக்கொண்டிருந்தது. டிங்... டிங்...

உள்ளே இரண்டு பழைய பாய்மரப் படகுகள், தரையில் முட்டுக் கொடுத்து, அருகருகே. ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. ஒரே நீளம், ஏறக்குறைய ஒரே வயது. ஒரு வருஷம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கடலிலேயே சுற்ற வேண்டும் என்று புருஷன் பெண்டாட்டிக்கு ஆசை. அதற்கு இந்த இரண்டில் எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சைக்குப் புதுப் பாய், புது மெத்தை, பளபள வார்னிஷ். ஆனால் மேல்தளம் கால் வைத்தால் அமுங்கியது. இன்ஜின் கறுப்பாய்ப் புகை கக்கி இருமியது. வெள்ளைக்குப் பெயிண்ட் உரிந்திருந்தது, திரைச்சீலை நைந்திருந்தது. ஆனால் சாவியைத் திருப்பினால் இன்ஜின் உடனே பேசியது. கயிறெல்லாம் சுருட்டியபடி அதனதன் இடத்தில் இருந்தன. யாரோ பிள்ளை மாதிரி வளர்த்த படகு.

வளர்த்தவர் போன வருஷம் இறந்துவிட்டார். விற்பது அவருடைய மனைவி. அந்த அம்மாள் சொன்ன விலை நியாயமானது. டாக்டருக்கும் அது தெரியும். தெரிந்தும் குறைக்கப் பார்த்தான், அதுதான் வினை.

பழைய படகை வாங்குகிறவர்கள் அதன் உடம்பைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல இடம் 'டக்' என்று பேசும். உள்ளே ஈரம் இறங்கி ஊறிப்போன இடம் 'தொப்' என்று விழும். நம்ம ஆளோ பல்லைத் தட்டியே பிழைப்பவன், சும்மா இருப்பானா? மனைவியை முன்னாலேயே வெள்ளைப் படகுக்குள் ஏறச் சொன்னான். இடப்பக்கக் கட்டிலின் மெத்தையைத் தூக்கி, ஜன்னலுக்குக் கீழே சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அவன் வெளியிலிருந்து அங்கே தட்டுவான். மெத்தை சத்தத்தை அமுக்கிவிடும்; நல்ல படகு நொடியில் ஊறல் படகாகிவிடும்.

"பாவங்க அந்தம்மா," என்றாள் மனைவி.

"வியாபாரத்துல பாவம் புண்ணியம் பாத்தா ஆகுமா? போ, அவங்க வர்றதுக்குள்ள ஏறிடு."

அவள் படகுகளுக்குப் பின்பக்கமாகப் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் குடையோடு வந்து நின்றார்.

டாக்டர் தட்டினான். டக். டக். டக். ஜன்னலுக்குக் கீழே வந்தான்.

தொப்.

அம்மாளின் முகம் மாறியது. இவனுக்குச் சந்தோஷம். ஒரு முழம் தள்ளித் தட்டினான்... தொப். கீழே குனிந்து தட்டினான்... தொப். சுத்தியல் போகிற இடமெல்லாம் அந்தச் சத்தம் கூடவே வந்தது. பரவாயில்லையே, நம்மவள் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

"நிறைய ஊறிப்போயிருக்கேம்மா," என்றான்.

அந்த அம்மாள் ஜன்னலைக் காட்டினார். "கடைசி வருஷம் முழுக்க அவர் அங்கதான் தம்பி சாஞ்சு உக்காந்திருந்தாரு. முதுகுவலி. தைலம் தேச்சுக்கிட்டே இருப்பாரு. போனப்புறம் நான்தான் படகைக் கவனிக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதேதான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தான். அப்போது பின்னால் ஏணிச் சத்தம்.

மனைவி இறங்கி வந்தாள். பச்சைப் படகிலிருந்து.

காதோரம் சொன்னாள்: "வெள்ளை பூட்டியிருக்குங்க. நல்லதாப் போச்சுன்னு இதுல உக்காந்துட்டேன்."

"காலையிலயே பூட்டி வச்சிட்டேன்," என்று அம்மாள் சாவியை நீட்டினார். "உள்ளயும் போய்ப் பாத்துடுங்க தம்பி."

போகாமல் இருக்க முடியுமா? ஏறினான். பூட்டைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. தைல வாடை மட்டும் குப்பென்று அடித்தது. இடப்பக்கக் கட்டிலில் மெத்தை நிமிர்ந்து சுவரோடு ஒட்டி நின்றது. நடுவில் ஒரு முதுகு அளவுக்குப் பள்ளம். தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

இறங்கி வந்தவனிடம் அந்த அம்மாள் கேட்டார்: "உள்ளயும் கெட்டுத்தான் போயிருக்கா?"

படகு நல்ல படகு என்றால் தன் பொய்யையும் சொல்ல வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. "எங்களுக்கு வேண்டாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவியை இழுத்துக்கொண்டு நடந்தான்.

அப்புறம் எந்தப் படகும் வாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து மனசு கேட்காமல் பட்டறைக்குப் போனான். அந்த அம்மாளைத் தேடி உண்மையைச் சொல்வதாகத்தான் போனான். பச்சை நின்றது. வெள்ளை நின்ற இடத்தில் முட்டுக்கட்டைகள் மட்டும் கிடந்தன.

"உடைச்சாச்சு சார்," என்றார் பட்டறைக்காரர். "ஊறின படகை வித்து யாரையும் கடல்ல சாகடிக்க மாட்டேன்னு அந்தம்மா ஒரே பிடிவாதம். உடைச்சா... எங்கயும் பொட்டு ஈரம் இல்ல. அவங்க அழுத அழுகை இருக்கே, பாக்க முடியல."

அந்த அம்மாள் வீட்டுக்கு வழி கேட்டானா? கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பான்? நேரே தன் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று கதவைத் தட்டினான். கனமான மரக்கதவு, தெருமுனை வரை கேட்கும்.

தொப்.

மறுபடி தட்டினான். தொப். கொஞ்சம் மேலே தட்டினான். அங்கேயும்... தொப்.

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்று உள்ளே மனைவியின் குரல். தாழ்ப்பாள் விலகியது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. திறக்கவில்லை.

"என்னங்க, விளையாடாதீங்க. எதுக்கு வெளியில பிடிச்சு இழுக்கிறீங்க? கதவை விடுங்க."

டாக்டர் கதவைப் பிடிக்கவே இல்லை. தைல வாடை அடித்தது. மெல்ல உள்ளங்கையைப் பலகையில் வைத்தான்.

சூடாக இருந்தது.