சாவி முழுங்கிய சம்பந்திகள்

— டெய்லரே, உங்க சங்கிலி என் கால் மேல கிடக்கு. கொஞ்சம் உங்க பக்கம் இழுத்துக்கோங்க.

— இழுத்தா இந்த ஆஸ்பத்திரி கேட்டும் சேர்ந்து வரும், கண்டக்டரே. கேட்டு வந்தா அதுல கட்டியிருக்கிற நீங்களும் வருவீங்க. அப்புறம் உங்களை நான் எங்க கட்சிக்கு இழுத்துட்டேன்னு பேப்பர்ல போடுவான்.

— அதை விடுங்க. அப்பவே வாய் தவறி என்னை ‘சம்பந்தி’ன்னு கூப்பிட்டீங்க. எங்க ஆளு ஒருத்தன் திரும்பிப் பார்த்தான். போராட்டம் முடியுற வரைக்கும் அப்படிக் கூப்பிடறதில்லன்னு பேசினோமா இல்லையா?

— பழக்கம் விட மாட்டேங்குது. உங்க பொண்ணை என் பையனுக்குக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. வாய்க்கு எப்படிங்க தெரியும், இன்னிக்கு மட்டும் நீங்க எதிர்க்கட்சின்னு?

— ரைட்டு. இனிமே கவனமா இருங்க.

— யாரு கேக்கப் போறா? சுத்தி ஒரு ஆளைக் காணோம். உங்க கூட்டமெல்லாம் எங்க?

— சாப்பிடப் போயிருக்காங்க. உங்க கூட்டம்?

— அதுவும் சாப்பிடத்தான் போயிருக்கு. ஒரே வண்டியில ஏறிப் போனாங்க. நான் பார்த்தேன்.

— ரெண்டு கட்சியும் ஒரே வண்டியிலயா?

— எங்க தலைவர் மடியில உங்க செயலாளர் உட்கார்ந்துட்டுப் போனார். இடம் பத்தலையாம். நம்ம ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் ஒத்துமையாத்தான் இருக்காங்க.

— எல்லாம் உங்களால வந்தது. ஆஸ்பத்திரி வாசல்ல போய் சங்கிலி போட்டுக்கலாம்னு உங்களுக்கு யாரு யோசனை கொடுத்தா?

— நான் புதுச் சட்டம் வேண்டாம்னு சொல்றேன், அதனால பூட்டிக்கிட்டேன். அதுல ஒரு அர்த்தம் இருக்கு. சட்டம் வேணும்னு சொல்ற நீங்க எதுக்குப் பூட்டிக்கிட்டீங்க?

— நீங்க பூட்டிக்கிட்டதை எதிர்த்து.

— நல்லா இருக்குது போங்க.

— சரி, நான் கேக்கிறேன். தெருவுக்கு ஒரு டாக்டர். காசு கிடையாது. யாரா இருந்தாலும் முதல்ல அவர்கிட்டதான் காட்டணும். இதுல என்ன குத்தத்தைக் கண்டீங்க? ஒரே பஸ்ஸு, ஒரே டிக்கெட்டு, பெரிய வீட்டுக்காரனும் கம்பியைப் பிடிச்சுட்டுத்தான் நிக்கணும்.

— உட்கார ஒருத்தனுக்கும் இடம் கிடையாது, அதானே? நாப்பது வருஷமா அளவு எடுக்கிறேன் கண்டக்டரே. ஒருத்தன் தோள் மாதிரி இன்னொருத்தன் தோள் இருக்காது. அவ்வளவு ஏன், ஒரே ஆளுக்கு இடது தோள் ஒரு அளவு, வலது தோள் ஒரு அளவு. தெருவுக்கே ஒரு டாக்டர்னா, தெருவுக்கே ஒரு சட்டை தைச்சு மாட்டிவிடற மாதிரி. எனக்கு எந்த டாக்டர் வேணும்னு நான்தான் சொல்வேன்.

— நீங்க டாக்டரைப் பார்த்தே பதினோரு வருஷம் ஆச்சு.

— எந்த டாக்டரைப் பார்க்காம இருக்கணும்னும் நான்தான் சொல்வேன்.

— உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது. பிறக்கப் போற குழந்தைக்கே பதினோரு சட்டை தைச்சு வெச்சிருக்கீங்களாம், எல்லாம் ஊதா கலர். உங்க கட்சிக் கலர். என் பொண்ணு சொல்லி வருத்தப்பட்டா. இன்னும் பத்து நாள்ல பிறக்கப் போற பச்சைப் புள்ளை உங்க கட்சியில எப்ப உறுப்பினர் ஆச்சு?

— கட்சிக்காகத் தைக்கலை. கொடி தைச்சதுல துணி மிச்சம் இருந்துச்சு. வீணாக்க மனசு வரலை.

— எங்க கட்சிக் கொடியையும் நீங்கதானே தைக்கிறீங்க? அந்த ரோஸ் துணி மிச்சமே ஆகலையோ?

— ஆச்சே. அதுலதான் ஜட்டி தைச்சிருக்கேன்.

— என்னது?

— ஒரு டஜன். ஓரமெல்லாம் மடிச்சு, உறுத்தாம. நல்ல வேலைங்க அது.

— ஐயா, ரெண்டு பேரும் கொஞ்சம் நகர்றீங்களா? கேட்டைத் திறக்கணும், சரியா?

— நகர முடியாதும்மா நர்ஸம்மா. காலையில டிவிக்காரங்க முன்னாடி சாவியை முழுங்கிட்டேன்.

— நானும்தான் முழுங்கினேன். கண்டக்டர் முழுங்கி ரெண்டு நிமிஷத்துல.

— தெரியும் டெய்லர் ஐயா. எங்க வார்டு டிவியிலயும் வந்துச்சு. உங்களை மூணு தடவை காட்டினாங்க, அவரை ரெண்டு தடவை.

— முதல்ல முழுங்கினவன் நான். அவருக்கு மட்டும் ஏம்மா ஒரு தடவை கூடுதல்?

— முழுங்கும்போது அவர் கண்ணுல தண்ணி வந்துச்சு, அதனால இருக்கும். கண்டக்டர் ஐயா, சண்டை அப்புறம் போடுங்க. வண்டி ஒரு மணி நேரமா நிக்குது, சரியா?

— எந்த வண்டி? ஆம்புலன்ஸா? ஐயோ, நாங்க நோயாளியை மறிக்க வரலைம்மா.

— நீங்க யாரையும் மறிக்கலை. நோயாளிங்க, டாக்டருங்க, ஆம்புலன்ஸு எல்லாம் காலையில இருந்து பின்பக்க கேட்டு வழியா போயிட்டு வந்துட்டு இருக்காங்க. சலவை வண்டிதான் அதுல நுழையாது. அகலம் ஜாஸ்தி.

— அப்போ ஆறு மணி நேரமா வெயில்ல நின்னு நாங்க மறிச்சது எதை?

— படுக்கை விரிப்பை.

— டெய்லரே, கேட்டீங்களா?

— கேட்டேன். துணி விஷயம்னாலே எனக்குக் கஷ்டமா இருக்கும். ஏம்மா, சங்கிலியை வெட்ட உங்ககிட்ட கட்டர் இருக்குமே?

— இருக்கு. அந்த ரூம் சாவி எங்க மெக்கானிக்கிட்ட இருக்கு. அவர் இன்னிக்கு லீவு. உங்க போராட்டத்துக்குத்தான் வந்தார்.

— எங்க பக்கமா, இவர் பக்கமா?

— காலையில உங்க பக்கம் நின்னார். அந்தப் பக்கம் நிழல் வந்ததும் அங்க போயிட்டார். சரி, நான் போய் ஒரு ஃபோன் பண்ணிட்டு வர்றேன். எங்கயும் போயிடாதீங்க.

— பாருங்க, நக்கல். எங்கயும் போயிடாதீங்களாம்.

— அந்த நர்ஸம்மாவை எங்கயோ பார்த்திருக்கேனே கண்டக்டரே.

— மாசா மாசம் நம்ம பொண்ணுக்கு ஊசி போடறது அவங்கதான். அவளுக்கும் அவங்களுக்கும் நல்ல சிநேகம்.

— அப்போ நம்மளைப் பத்தி அவகிட்ட சொல்லிடுவாங்களோ?

— சொல்லாம இருப்பாங்களா? டிவியில வேற காட்டியாச்சு. இன்னிக்கு வீட்டுக்குப் போனா எனக்கு அர்ச்சனைதான்.

— உங்களுக்கு மகள்கிட்ட மட்டும்தான். எனக்கு மருமக, பையன், வீட்டுக்காரம்மா, மூணு பேர்கிட்டயும் வரிசையா.

— கண்டக்டர் ஐயா. டெய்லர் ஐயா. பதறாம கேளுங்க, சரியா? உங்க பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. மூணாவது மாடி, பிரசவ வார்டு.

— வலியா? இன்னும் பத்து நாள் இருக்குன்னு டாக்டர் சொன்னாரே?

— குழந்தை என்ன காலண்டர் பார்த்துட்டா வரும்?

— என் பையன் எங்கம்மா? அவன் ஏன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலை?

— உங்க ஃபோனு எங்க டெய்லர் ஐயா?

— கோஷம் போடறதைப் படம் எடுத்து எடுத்து சார்ஜ் போயிடுச்சு.

— என்னோடதைப் பாட்டு கேக்கிறேன்னு எங்க செயலாளர் வாங்கிட்டுப் போயிட்டார்.

— அப்புறம் எப்படிச் சொல்லுவார்? நான் மேல போய்ப் பார்க்கிறேன். வீட்டுப் பெரியவங்க கதவுகிட்ட நின்னா அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும். என்ன பண்றது, நீங்கதான் சாவியை முழுங்கிட்டீங்களே.

— போயிட்டாங்க. இப்ப என்ன பண்றது, டெய்லரே?

— ஏன் சங்கிலியைப் போட்டு இப்படி இழுக்கிறீங்க?

— அவ பிறந்தப்போ நான் வெளியூர் பஸ்ல இருந்தேன். மாத்தி விட ஆள் வரலை, இன்னொரு ட்ரிப்பு அடிச்சிட்டு வந்தேன். வந்து பார்த்தா அவளுக்கு மூணு நாள் வயசு. அவ அம்மா கண்ணை மூடற வரைக்கும் அதைச் சொல்லிட்டே இருந்தா. இப்போ அம்மாவும் இல்லை. வலி வந்தா கதவுகிட்ட நான் நிப்பேன்னு பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்தேங்க. சத்தியம் பண்ணிட்டு இங்க கேட்டுல தொங்கிட்டு இருக்கேன்.

— அழாதீங்க சம்பந்தி.

— சம்பந்தின்னு கூப்பிடாதீங்க.

— கூப்பிடுவேன். எவன் கேட்டா எனக்கென்ன? எங்க தலைவர் மடியில உங்க செயலாளர் உட்காரலாம், நான் உங்களை சம்பந்தின்னு கூப்பிடக் கூடாதா?

— சம்பந்தி, நான் ஒண்ணு சொன்னா உங்க கட்சியில போய்ச் சொல்லிட மாட்டீங்களே?

— மாட்டேன்.

— உங்க வீட்டம்மாகிட்டயும்?

— அது கஷ்டம். சரி, சொல்லுங்க, பார்க்கலாம்.

— நான் முழுங்கினது சாவி இல்லை. தொண்டை கட்டினா சப்புவோமே, அந்த மிட்டாய். சாவி இடுப்பு பெல்ட்டுக்குள்ள இருக்கு.

— அட மனுஷா. வெட்கமா இல்லை உங்களுக்கு? உங்க வயித்துக்குள்ள சாவி எங்க போய்க் குத்துமோ, என்ன ஆகுமோன்னு காலையில இருந்து நான் தவிச்சுட்டு இருக்கேன். நடுவுல ரெண்டு தடவை தண்ணி கூடக் கொடுத்தேன்.

— கொடுத்தீங்க, கொடுத்தீங்க. அதனாலதான் உங்ககிட்ட மறைக்க மனசு வரலை. நீங்க நிஜமாவே முழுங்கினவர். உங்க முன்னாடி நான் தலை நிமிர முடியாது.

— அது வந்து... நிமிர்ந்துக்கோங்க.

— ஏன்?

— நான் முழுங்கினது சட்டைப் பட்டன்.

— பட்டனா?

— நாலு ஓட்டை. கொஞ்சம் பெருசு, கோட்டுக்குப் போடறது. அதான் கண்ணுல தண்ணி வந்துச்சு.

— சாவி?

— சட்டைக் காலர்ல வெச்சுத் தைச்சிருக்கேன். ஒரு நூலை இழுத்தா வந்துடும்.

— என்னைக் கேட்டீங்களே வெட்கமா இல்லையான்னு. நீங்களும் அதே ஏமாத்து வேலைதானே பண்ணியிருக்கீங்க?

— ரெண்டும் ஒண்ணு இல்லை சம்பந்தி. நீங்க மிட்டாயைச் சப்பிட்டுப் போயிட்டீங்க. நான் நேர்மையா ஒரு பொருளை முழுங்கியிருக்கேன்.

— ரைட்டு, ரைட்டு. இப்ப திறங்க.

— நீங்க திறங்க. பொண்ணைப் பெத்தவர் நீங்கதான் முதல்ல போகணும்.

— நான் முதல்ல திறந்தா எங்க கட்சி தோத்த மாதிரி ஆயிடும். நீங்க திறங்க.

— எங்க கட்சிக்கும் அதே கதிதான். மூணு எண்ணுறேன், ரெண்டு பேரும் ஒண்ணா திறக்கலாம். ஒண்ணு... ரெண்டு... மூணு. ஏன் திறக்கலை?

— நீங்க திறக்கிறீங்களான்னு பார்த்தேன். நீங்க ஏன் திறக்கலை?

— நானும் அதைத்தான் பார்த்தேன்.

— ஐயா, மேல போய்ட்டு வந்துட்டேன். டாக்டர் கையுறை மாட்டியாச்சு. அந்தப் பொண்ணு, அப்பா வந்தாச்சா, மாமா வந்தாச்சான்னு கேட்டுட்டே இருக்கு.

— ரெண்டு பேரையுமா கேட்டா நர்ஸம்மா?

— ரெண்டு பேரையும்தான் கண்டக்டர் ஐயா. ஒரு மூச்சுக்கு அப்பா, ஒரு மூச்சுக்கு மாமா.

— சம்பந்தி, உங்க சாவியை இப்படிக் கொடுங்க. என் சாவியை நீங்க வாங்கிக்கோங்க. உங்க பூட்டை நான் திறக்கிறேன், என் பூட்டை நீங்க திறங்க. யாரும் தன் பூட்டைத் தானே திறக்கலை, யாரும் தோக்கலை.

— எதிர்க்கட்சிக்காரரை நான்தான் விடுதலை பண்ணினேன்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லிக்கலாமா?

— தாராளமா. நானும் அதைத்தான் சொல்லப் போறேன். நூலை இழுங்க.

— வரலையே. இறுக்கித் தைச்சுட்டேன் போல. என் தையலுக்கு நானே எதிரி.

— குனிங்க, பல்லால கடிக்கிறேன். இந்தா, வந்துடுச்சு. எங்க உங்க பூட்டு? கையை ஆட்டாதீங்க. ரைட்டு.

— உங்களோடதும் திறந்தாச்சு. ஓடுங்க. செருப்பு, செருப்பு.

— செருப்பு கிடக்கட்டும் சம்பந்தி. லிஃப்ட் எந்தப் பக்கம்மா?

— லிஃப்ட் வேலை செய்யலை. மாடிப்படிதான், சரியா? சாவியெல்லாம் பூட்டுலயே இருக்கட்டும், நான் எடுத்து வெச்சுக்கிறேன்.

— பேரனா இருந்தா பேரு நான்தான் வைப்பேன் சம்பந்தி, இப்பவே சொல்லிட்டேன்.

— முதல்ல படி ஏறுங்க. மூச்சு இருந்தா அங்க போய்ப் பேசிக்கலாம். கையைப் பிடிச்சுக்கோங்க.

— டிரைவர் அண்ணே, கேட்டு திறந்தாச்சு, வண்டியை உள்ள விடுங்க. ஹலோ? நான்தாம்மா, நர்ஸ் அக்கா பேசறேன். நீ சொன்ன மாதிரியே உன் அப்பாகிட்டயும் சாவி இருந்துச்சு, மாமனார்கிட்டயும் இருந்துச்சு. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுட்டு மாடிப்படி ஏறிட்டு இருக்காங்க. மேல காலிக் கட்டிலைப் பார்த்துட்டுத் திட்டிக்கிட்டே இறங்கி வருவாங்க, அதை நான் சமாளிச்சுக்கிறேன். நீ வீட்டுல நிம்மதியா தூங்கு, நிஜமா வலி வந்தா மட்டும் கூப்பிடு, சரியா?