நடக்கிற மச்சம்

…அசையாதீங்க டீச்சர். பேசவும் வேணாம். பாஸ்போர்ட் படத்துக்கு வாயை மூடித்தான் இருக்கணும், அது அவங்க ரூலு, நான் போட்டதில்ல. முப்பது வருசமா எங்க எல்லாரையும் ‘வாயை மூடு, வாயை மூடு’ன்னீங்க… இன்னிக்கு ஒரு நாள் நான் சொல்லிக்கிறேன். ம்… தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. அவ்ளோதான்.

கோவமா இருக்கீங்க, தெரியுது. இருக்காதா பின்ன? பொண்ணு தூர தேசத்துல நெறமாசமா இருக்கா, பக்கத்துல இருந்து பாத்துக்க அம்மா போகணும். படம் என்னடான்னா ரெண்டு தரம் திரும்பி வந்தாச்சு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள குடுக்கலன்னா மறுபடி மொதல்லேருந்து, ரெண்டு மாசம் ஆகும்னுட்டாராமே அந்தப் பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டர்ல இருக்கிறவரு. இப்ப மணி… ரெண்டே முக்கால். நேரம் இருக்கு டீச்சர். நெறைய இருக்கு. இந்த லைட்டை மட்டும் சரி பண்ணிக்கறேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். இதுல என் தப்பு என்ன? மொத தரம் கன்னத்துல மச்சம் விழுந்துச்சு. நான் அது உங்க மச்சம்னே நெனச்சேன். ஒரு பொம்பளை மொகத்துல இருக்கிற மச்சத்தைக் காட்டி ‘இது உங்களுதா’ன்னு கேக்க முடியுமா, சொல்லுங்க… வேணாம், சொல்லாதீங்க. அந்தாளு ஃபாரத்தைப் பாத்திருக்காரு, அடையாளம் எதுவும் இல்லன்னு எழுதியிருக்கு. ஒண்ணு ஃபாரத்தை மாத்துங்க, இல்ல மூஞ்சியை மாத்துங்கன்னு அனுப்பிட்டாரு. சரின்னு ரெண்டாந்தரம் நாற்காலியைத் தள்ளிப் போட்டு எடுத்தேன். கன்னத்தைப் பூதக்கண்ணாடி வெச்சே பாத்தேன் டீச்சர், கன்னம் பளிங்கு மாதிரி இருந்துச்சு. மச்சம் தாடைக்கு எறங்கி உக்காந்திருக்கும்னு நான் கண்டேனா? ‘என்னங்க, மச்சம் நடக்குதா’ன்னு கேட்டாராம். நக்கல் புடிச்ச மனுசன்.

இந்தப் பார்வை எதுக்குன்னு தெரியுது. கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாமேன்னு பாக்கறீங்க. கூடாதாம். கை வெச்ச படம் செல்லாதுன்னு ஃபாரத்துலயே போட்டிருக்கான்.

உங்களுக்கு மட்டும்னா பரவால்ல. நேத்து பேக்கரிக்காரருக்கும் மச்சம். அவரு பொண்ணுக்கும் மச்சம், அதுக்கு நெத்தியில. தெருத் தண்ணியிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். சுவத்தை ஒரு தரம் வெள்ளையடிச்சேன். பிரிண்டர் மெக்கானிக்கை ரெண்டு தரம் கூப்பிட்டேன். மெஷின்ல ஒண்ணும் இல்ல, வேணும்னா உங்க கண்ணைக் காட்டுங்கன்னு போயிட்டான். ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்’… இது யாரு சொன்னா? உள்ள உக்காந்து படம் வெட்டிக்கிட்டிருக்காளே, எங்க வீட்டம்மா. கட்டின புருசனைப் பாத்துச் சொல்ற பேச்சா இது?

ஒரு நிமிசம், பேட்டரி மாத்தணும், டிராயர்ல… அட, இது கையில வந்துடுச்சு. சிவப்பு பாக்கெட். உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் டீச்சர், எலுமிச்சை மிளகாய். சாப்பிட்டிருக்கீங்களா? தலையாட்டாதீங்க, படம் கெட்டுடும். நாக்குல வெச்சதும் பல்லு கூசற புளிப்பு. அது போறதுக்குள்ள ஒரு இனிப்பு, எங்கேருந்து வருதுன்னே தெரியாது. அப்புறம் ஒண்ணுமில்ல. ஏமாந்துட்டமோன்னு நெனைப்பீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினா… காரம். காதுக்குள்ள போகும். கண்ணுல தண்ணி வரும். அந்தத் தண்ணியோடவே கை அடுத்ததைத் தேடும்.

கொறை இல்லாம இல்ல. பாதி பாக்கெட் காத்து. அதை ஊதறவனுக்குச் சம்பளம் வேற குடுப்பாங்க. ஓரம் பட்டு மேலண்ணம் கிழியும். கடிச்சா, உள்ள இருக்கிறவளுக்குக் கேக்கும்… க்கும், கேட்டுடுச்சு போல. எல்லாத்துக்கும் மேல இந்தத் தூள் டீச்சர். பிசுபிசுன்னு ஒட்டிக்கும். வெரலைச் சப்பினாலும் போகாது. ஸ்விட்சுல, காலண்டர்ல, எங்க கல்யாண ஆல்பத்துல, எல்லாத்துலயும் என் கட்டைவெரல் ரேகை செவப்பா இருக்கும். அதனால கேமரா பக்கம் பாக்கெட் வரக்கூடாதுன்னு அவ போன மாசம் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நானும் மீறினதில்ல. படம் எடுக்கும்போது தொடறதே கெடயாது. லென்ஸ் மாத்தறப்ப மட்டும் வாயில ஒண்ணு… ரெண்டு கையும் லென்ஸுலதான இருக்கு, வாய் சும்மாதான இருக்கு?

சரி, பாருங்க இங்க. நேரா. எடுத்தாச்சு.

…ம்.

மூக்கு மேல இருக்கு டீச்சர்.

எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க. ஸ்கிரீனைத் தொடைச்சுப் பாக்கறேன்… போகல. மணி மூணேகால், இருக்கு, நேரம் இருக்கு. லென்ஸைக் கழட்டறேன். இதுல ஒண்ணும்… லென்ஸு சுத்தம். உள்ள, படம் விழற இந்தச் சின்னக் கண்ணாடி மேல… ஒரு துணுக்கு. செவப்பா. துருவா இருக்குமோ? கேமரா செஞ்சவன் ஒழுங்கா செஞ்சாத்தான? பஞ்சுக் குச்சியால மெல்ல… வந்துடுச்சு. பிசுபிசுங்குது.

துருன்னா நாக்குல வெச்சா தெரிஞ்சிடும்.

புளிக்குது.

…இனிக்குது.

ஒண்ணு. ரெண்டு. மூணு…

டீச்சர், கொஞ்சம் மெதுவாச் சிரிங்க, உள்ள கேக்கும். அவ கத்திரிக்கோல் சத்தம் நின்னு போச்சு பாருங்க. நீங்க வெளிய சொல்லிடாதீங்க. அந்த மெக்கானிக் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பேக்கரிக்காரரை நான் தண்ணி டெஸ்ட் பண்ண வேற அனுப்பிட்டேன்.

இருங்க, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வரேன்.

…ம், இப்பப் பாருங்க. சிரிப்பை அடக்குங்க டீச்சர், சிரிச்சாலும் திருப்பி அனுப்புவாரு. மகளை நெனைங்க. இல்ல இல்ல, அப்பவும் சிரிக்கறீங்க. வீட்டுப்பாடம் எழுதாத என்னை நெனைங்க… ஆங், அந்த மொறைப்பு போதும். எடுத்தாச்சு.

கன்னம் சுத்தம். தாடை சுத்தம். மூக்கு சுத்தம். நெத்தியும் பாத்துட்டேன். பிரிண்டர்லேருந்து வருது பாருங்க, நாலு காப்பி. கவர்ல போட்டுட்டேன். மணி மூணரை. எதுத்தாப்புலதான ஆபீசு, நடந்தாலே போயிடலாம். இனிமே தாராளமாப் பேசலாம் டீச்சர். திட்டணும்னாலும் திட்டுங்க… என்ன, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?

டீச்சர், கவர்தான எடுத்தீங்க? டிராயர்ல இருந்த பாக்கெட்டு… அட, வகுப்புல புடுங்கற மாதிரியே புடுங்கிட்டீங்களா. சரி, அதுவும் நல்லதுக்குத்தான். வீட்டம்மா எந்திரிச்சு வரா, கையில சாட்சி இல்லாம இருந்தா எனக்கும்…

டீச்சர், நடந்துக்கிட்டே பிரிக்கறீங்களே. அந்தக் கையால கவரைத் தொட்டுடாதீங்க. டீச்சர்… ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டா போறீங்க?