குருவிக் கூட்டைச் சைவம் என்று சொன்னவள் பேசுகிறேன்

எங்கள் தாய்மார் சங்கத்தின் தலைமை இருக்கையை அலங்கரிக்கும் மேரிறோஸ் அம்மா அவர்களே, செயலாளர் றூபினி அவர்களே, என்மீது கோபம் இருந்தும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் வசந்தமலர் அக்கா அவர்களே, அவரைக் கைபிடித்து அழைத்து வந்த கணவர் சந்திரகுமார் அண்ணை அவர்களே, சட்டனிலிருந்தும் விம்பிள்டனிலிருந்தும் மழையில் நனைந்து வந்த இருபத்தேழு தாய்மாரே! என்னோடு சேர்த்து முப்பத்திரண்டு பேர். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். ஆவணியில் இதே இடத்தில் நான் பேசியபோது கை தட்டினீர்கள். இன்று தயவுசெய்து தட்டாதீர்கள்.

அன்று குருவிக்கூட்டுப் பானப் போத்தலைக் காட்டி என்ன பேசினேன்? கூடு என்றேன், கொடை என்றேன், குகையிலே விளைந்த குளிகை என்றேன்! சீனத்து அரசர்கள் பருகியது என்றேன். இருமலுக்கு நல்லது, இளைப்புக்கு நல்லது, உடைந்த உடம்பை ஒட்டவைக்கும் என்றேன். மேரிறோஸ் அம்மா கேட்டா: "இது மச்சமோ, மரக்கறியோ பிள்ளை?" நான் என்ன சொன்னேன்? "கூடுதானே அம்மா, புல்லும் நாரும்! தேன் குடிக்கிற சைவக்காரர் இதையும் குடிக்கலாம்." யார் எனக்குச் சொன்னது? ஒருவருமில்லை. போத்தலுக்குள் வெள்ளை நாராகத் தெரிந்தது. புல் என்று நானே தீர்ப்பெழுதினேன்.

என்ன றூபினி? ஓம், ஓம், மைக்குக்குக் கிட்ட வாறன்.

வசந்தமலர் அக்கா வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த நேரம் அது. முருகனுக்கு நேர்ந்து, பத்தொன்பது வருடமாக முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்துப்பானம் குமட்டுது என்று அலுமாரியில் வைத்துவிட்டு, என் பேச்சை நம்பி, காலையும் மாலையும் கூட்டுப் போத்தலைக் குடித்தார். ஒரு மண்டலம் குடித்தார். வெள்ளிக்கு வெள்ளி அவருடைய நிறையை நானே கொப்பியில் எழுதினேன். ஐம்பத்தொன்று. நாற்பத்தொன்பது. நாற்பத்தேழு. எழுதிய கைக்குக் கண் இருக்கவில்லையா? "கெட்ட நீர் இறங்குது அக்கா" என்றேன்.

ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போனதும் நான்தான். உணவு ஆலோசகர் ஒரு சீனத்துப் பெண். போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தார். காய்ந்த கூட்டில் பாதியளவு புரதம் இருப்பது உண்மை, ஆனால் இந்தப் போத்தலில் கூடு ஒரு கிராம்கூடத் தேறாது, மிச்சம் தண்ணீரும் கற்கண்டும் என்றார். ஆய்வுகூடத்தில் நல்ல குணங்கள் தெரிகின்றன, மனிதருக்கு நோய் தீர்க்கும் என்று இன்னும் நிரூபிக்கவில்லை என்றார். "எங்கட அம்மாவும் ஆசைக்குக் குடிப்பா. ஆனால் சோறும் தின்னுவா!" பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "இவ சைவம் எண்டு எழுதியிருக்கு. ஒரு குருவி தன்ரை எச்சிலாலை கட்டுற கூடு இது எண்டு இவவுக்குத் தெரியுமோ?"

அக்கா என்னைப் பார்த்தா. "என்னவாம்?"

தாய்மாரே! வாய் இருந்தது, வார்த்தை இருந்தது, வைத்தியம் பேசிய நாவும் இருந்தது. "சீனி கூடவாம் அக்கா, நிப்பாட்டட்டாம்." அவ்வளவுதான் மொழிபெயர்த்தேன்! தினம் விளக்கேற்றித் தேவாரம் பாடும் இந்த வாய், பதினேழு நாள் அதை விழுங்கி வைத்திருந்தது.

முந்தநாள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கத்துவா என்று நினைத்தேன். தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தா.

"எச்சில் எனக்கும் முருகனுக்கும் உள்ள விசயம், நான் பாத்துக்கொள்ளுவன். அறியாமல் தந்தாய். ஆனால் அந்த ஆஸ்பத்திரிப் பிள்ளை சொன்னதை என்னட்டை ஒளிச்சியே, அதுவும் அறியாமலோ?"

அக்காவே தொடர்ந்து சொன்னா:

"மேடையிலை சொன்னதை மேடையிலையே போய் மாத்திச் சொல்லு. இன்னும் எத்தினை பேர் குடிக்கினமோ!"

எத்தனை பேர்? கையை உயர்த்துங்கோ. ஐந்து, ஆறு, ஏழு. பின்னாலே சிரிக்க வேண்டாம்! அவர்கள் நம்பியது என்னை. வெட்கப்பட வேண்டியவளும் நானே. பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் இன்றே நிறுத்துங்கோ. சிலருக்கு இது கடுமையான ஒவ்வாமை தரும். நோயாளிகள் ஆஸ்பத்திரி தந்ததைக் குடியுங்கோ. குமட்டினால் அவர்களிடமே சொல்லுங்கோ.

அறியாமல் சொன்னது குற்றமா? குற்றந்தான். அறிந்தபின் அடங்கியிருந்தது? அது அதனிலும் பெரிது! இரண்டு மொழிக்கு நடுவே நிற்பவளிடம் ஒருத்தி தன் உடம்பையே ஒப்படைக்கிறாள். இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கம் முழுதாய்ப் போக வேண்டும்! கசந்தாலும் போக வேண்டும்! சொல்பவள் கூசினாலும் போக வேண்டும்! என் மானத்தைக் காக்க அக்காவின் உடம்பையா நான் விலையாகக் கொடுப்பது?

பொறுமையாய்க் கேட்ட தலைவருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

அக்கா, வாற செவ்வாய் பத்தரைக்கு உங்களுக்குத் திரும்ப ஆஸ்பத்திரி. நான் கூட வரட்டோ, வேறை ஆளைக் கேக்கட்டோ? வெள்ளிக்கிழமைக்கு முன்னம் ஒரு சொல் சொல்லுங்கோ.